எந்நேரமும் பசி, எங்கே பார்த்தாலும் ஈரம்: வீட்டுப் பூனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் 16 வருடமாகப் பூனை வளர்க்கிறேன். இப்போது மூன்று இருக்கின்றன. பூனை வைத்திருக்கும் அக்கம்பக்கத்தினரும் நண்பர்களும் என்னிடம் அதிகம் கொண்டுவரும் புகார்கள் இரண்டு. "சாப்பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருக்கு" என்பது ஒன்று. "மெத்தையில போயிடுச்சு" என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனித் தொல்லையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்வேன். உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். நான் மருத்துவர் இல்லை. எங்கள் பூனைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டதையும் வளர்த்துக் கற்றதையும் எழுதுகிறேன்.

தட்டைக் காலி செய்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடியும் காலைச் சுற்றுகிறது. உண்மையிலேயே பசியா?

பல வீடுகளில் உண்மையான பசிதான். என்ன கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். நம் வீடுகளில் பூனைச் சாப்பாடு என்றால் பால்சோறு, தயிர்சாதம், மீன் வாங்கிய அன்று தலையும் வாலும். வயிறு நிறையும், ஆனால் உடம்புக்கு வேண்டியது கிடைக்காது. நாய் சோறு தின்று ஓரளவு சமாளித்துவிடும். பூனையால் முடியாது, அது இறைச்சி தின்றே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்றொரு சத்து இருக்கிறது. பூனையின் உடம்பு அதைப் போதுமான அளவு தானே தயாரிக்காது, இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயம் வீங்கிப் பலவீனமாகும். டாரின் குறைவால் பூனைகளுக்கு இதய நோய் வருவது 1987இல்தான் உறுதியானது. அதற்குப் பிறகு கடையில் விற்கும் பூனைத் தீவனங்களில் டாரினை அதிகமாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஆக, பால்சோற்றிலேயே வளரும் பூனை கத்தினால் அது பொய்ப் பசி இல்லை.

நல்ல சாப்பாடு கொடுத்தும் கேட்கிறதா? எத்தனை வேளையாகக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கலோரிதான் இருக்கும். அப்படிச் சின்னச் சின்னதாக ஒரு நாளில் பத்து முறையாவது சாப்பிடுவதுதான் பூனையின் இயல்பு. நாம் காலையில் ஒரு தட்டு, இரவில் ஒரு தட்டு வைத்தால் நடுவில் இருக்கும் பன்னிரண்டு மணி நேரமும் அதற்குக் காத்திருப்புதான். அளவைக் கூட்ட வேண்டாம், அதே அளவை நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பல பூனைகள் இதிலேயே அமைதியாகிவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வீட்டுக்குள்ளேயே இருக்கும், கருத்தடை ஆன, 4 கிலோ பூனைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி போதும். ட்ரை ஃபுட்டில் பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி இருக்கும். அப்படிப் பார்த்தால் நாளைக்கு 55 முதல் 65 கிராம். எடை போட்டுப் பார்த்தால் "இவ்வளவுதானா!" என்று தோன்றும். கையால் அள்ளிப் போடும் வீடுகளில் இதைப் போல இரண்டு மடங்கு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டாக இருக்கும் வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. காலையில் அப்பா கொடுப்பார். அவர் கொடுத்தது தெரியாமல் அம்மா கொடுப்பார். மத்தியானம் பாட்டி, "பாவம், ஒண்ணுமே சாப்பிடல" என்று ஒரு பிடி. பூனை எல்லோரிடமும் அதே முகத்தோடுதான் போய் நிற்கும். இதற்கு நாங்கள் கண்ட வழி ஒரு டப்பா. அன்றைய அளவை காலையில் சமையலறைத் தராசில் நிறுத்து அந்த டப்பாவில் போட்டுவிடுவோம். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அளவு சரிதானா என்பதை விலா எலும்பு சொல்லும். லேசாகத் தடவினாலே எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது.

மீன் குழம்பில் கிடக்கும் மீனைக் கொடுக்கலாமா?

வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், கழுவிக் கொடுத்தாலும் சாறு மீனில் இறங்கியிருக்கும். குழம்புக்கு மீன் வெட்டும்போதே பூனைக்கான துண்டுகளைத் தனியாக எடுத்து, உப்பும் மஞ்சளும் போடாமல் அவித்து, முள் நீக்கிக் கொடுங்கள். அவித்த தண்ணீரையும் ஆறவைத்துச் சேர்த்து ஊற்றுங்கள், டாரின் அதில்தான் கரைந்திருக்கும். மத்தி, நெத்திலி போன்றவற்றைப் பச்சையாகவே தொடர்ந்து கொடுப்பதும் நல்லதில்லை. பச்சை மீனில் இருக்கும் ஒரு என்ஸைம் பி1 வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

பால்?

பால்குடி மறந்த பூனைகளில் நிறையப் பேருக்குப் பால் செரிக்காது. கழிசல் வந்துவிடும், அப்புறம் அது கழிப்பதற்காக வைத்திருக்கும் மணல் தொட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே போய்விடும். தண்ணீர் வையுங்கள்.

விடிகாலை 4 மணிக்கு முகத்தில் ஏறி எழுப்புகிறது. எழுந்து கொடுத்தால்தான் விடுகிறது.

எழுந்து கொடுப்பதால்தான் எழுப்புகிறது. விடியலும் அந்தியும் பூனைக்கு வேட்டை நேரம், அந்த வேளையில் அது விழித்திருப்பதை மாற்ற முடியாது. நம்மை எழுப்புவதை மாற்றலாம். எழுந்தவுடன் சாப்பாடு வைக்காதீர்கள். பல் தேய்த்து, பால் காய்ச்சி, காப்பி குடித்து அரை மணி நேரம் கழித்து வையுங்கள். "ஆள் எழுந்தால் சாப்பாடு" என்ற கணக்கு அதன் மனதில் அறுந்துபோக வேண்டும். இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் கயிறோ இறகோ காட்டி ஓடவிட்டு, அன்றைய கடைசிப் பங்கை அப்போது கொடுங்கள். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்று அதன் வரிசை அப்படியே நடக்கும். நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கித் தட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்புறம் அது உங்களை விட்டுவிட்டுத் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்டுகொள்ளாமல் இருக்கும் முதல் சில நாட்கள் முன்பைவிட மோசமாகக் கத்தும். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் எழுந்து கொடுத்துவிட்டால், "இவ்வளவு நேரம் கத்தினால் கிடைக்கும்" என்று கற்றுக்கொள்ளும். எழுந்து அதட்டுவதும் அதற்கு ஒரு பதில்தான். இரண்டு மூன்று வாரம் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இருந்துவிட்டால் குறைந்துவிடும்.

கருத்தடை செய்த பிறகுதான் இப்படிப் பறக்கிறது. ஏன்?

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும், உடம்புக்குத் தேவையான கலோரியோ குறையும். அதனால் பழைய அளவைவிடக் கால் பங்கு போலக் குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

நிறையச் சாப்பிடுகிறது, ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது. தண்ணீரும் அதிகம் குடிக்கிறது.

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் "நாளைக்கே டாக்டரிடம் போங்கள்" என்றுதான் சொல்வேன். குட்டியாக இருந்தால் குடற்புழு முதல் சந்தேகம். வாலுக்குக் கீழேயும் படுக்கையிலும் அரிசி மணி போல ஒட்டிக்கொண்டிருந்தால் அது நாடாப்புழு, தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. வயதான பூனையாக இருந்தால் சர்க்கரை நோயும் தைராய்டு மிகைச் சுரப்பும் பார்க்கப்பட வேண்டும்.

எங்கள் கறுப்பனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது வயது, கருத்தடை ஆன ஆண், 6 கிலோவுக்கு மேல் இருந்தான். ஒரு கோடையில் சாப்பாட்டுக்கு ஓயாமல் கத்த ஆரம்பித்தான். "கொழுப்பு" என்று நினைத்தோம். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியானது, "மே மாச வெயில்" என்று நினைத்தோம். தொட்டியில் மூத்திரம் பட்டு மணல் திரண்டு எலுமிச்சை அளவுக்கு இருந்த கட்டிகள் சாத்துக்குடி அளவுக்கு ஆயின. அதையும் புது மணல் சரியில்லை என்று தள்ளிவிட்டோம். பிறகு ஒரு நாள் வரவேற்பறைக் கால்மிதியில் போய்விட்டான். நான் திட்டினேன். மறுநாள் காலையில் துடைக்கக் குனிந்தபோது, அந்தக் கால்மிதியின் ஓரத்திலிருந்து சுவர் வரை ஒரே கோடாகச் சிற்றெறும்பு வரிசை. எங்கள் தாத்தாவுக்கு இனிப்பு நீர் என்று அந்தக் காலத்தில் வைத்தியர் சொன்னதே இப்படி எறும்பு மொய்த்ததைப் பார்த்துத்தான் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். கறுப்பனை அன்றே தூக்கிக்கொண்டு போனோம். எடை 4.9 கிலோ. ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை.

மருத்துவமனைக்கு வரும் பயத்திலேயே பூனைக்கு ரத்தச் சர்க்கரை ஏறும். அதனால் ஒரே ஒரு ரத்த அளவை வைத்து முடிவு சொல்லாமல், முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும் பிரக்டோசமைன் பரிசோதனையும் எடுத்தார்கள். பிறகு தினம் இரண்டு வேளை இன்சுலின், மாவுச்சத்து குறைந்த சாப்பாடு. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சில பூனைகளுக்கு இன்சுலின் தேவையே நின்றுபோகும். கறுப்பனுக்கு ஐந்தாம் மாதம் நின்றது. கால்மிதி விபத்தும் அதற்கு முன்பே நின்றுவிட்டது. அவன் அடம்பிடித்துப் போகவில்லை, தொட்டி வரை தாங்கவில்லை. அன்று திட்டியதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எடைக்குக் கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல், அதாவது 4 கிலோ பூனை நாளைக்கு 200 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தால் அதை வெயில் என்று விட்டுவிடாதீர்கள். அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து பாருங்கள். வீட்டுப் பெரியவரின் சர்க்கரை மாத்திரையைத் தயவுசெய்து கொடுத்துப் பார்க்காதீர்கள். அதேபோல் காய்ச்சல் மாத்திரையும். ஒரே ஒரு பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

ரொம்பக் குண்டாகிவிட்டது. இரண்டு நாள் பட்டினி போடலாமா?

கூடவே கூடாது. குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் குறைந்தால் போதும். 6 கிலோ பூனைக்கு அது 60 கிராம்தான்.

இத்தனை வருடம் ஒழுங்காகத் தொட்டியில் போன பூனை திடீரென்று மெத்தையில் போகிறது. எங்கள் மீது கோபமா?

பூனைக்கு அப்படிப் பழிவாங்கத் தெரியாது. ஊருக்குப் போய்வந்தோம், அதனால் மெத்தையில் போயிருக்கிறது என்பார்கள். ஊருக்குப் போனதால் அது பயந்தது, பயத்தில் சிறுநீர்ப்பை அழன்றது என்பதுதான் நடந்திருக்கும். கிருமி எதுவும் இல்லாமலே மன அழுத்தத்தால் வரும் சிறுநீர்ப்பை அழற்சி பூனைகளில் மிகவும் சாதாரணம். புது ஆள், புதுக் குழந்தை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, தீபாவளி வெடி, ஜன்னலுக்கு வெளியே வந்து உட்காரும் தெருப் பூனை, எதுவும் காரணமாகலாம். தொட்டியில் உட்காரும்போது எரிந்தால் "தொட்டிதான் வலிக்கிறது" என்று நினைத்துக்கொண்டு மெத்தென்ற இடத்தையோ குளிர்ந்த டைல்ஸையோ தேடும். ஆக, திடீரென்று தொடங்கினால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஆண் பூனை அடிக்கடி போய் உட்காருகிறது, எதுவும் வரவில்லை. மலச்சிக்கலா?

இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்து பூனையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல், படிகமோ சளியோ அடைத்துக்கொள்ளும். முக்குவது, கத்துவது, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது, ஒரு சொட்டு அல்லது ரத்தம் மட்டும் வருவது, வாந்தி எடுப்பது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவானாலும் திறந்திருக்கும் மருத்துவமனையைத் தேடிப் போங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகும் வெளியேதான் போகிறது.

அப்படியானால் தொட்டியைப் பூனையின் உயரத்தில் குனிந்து பாருங்கள். கடையில் விற்கும் லிட்டர் பாக்ஸ் பெரும்பாலும் சிறியது. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனை எவ்வளவு நீளமோ, அதைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். நாங்கள் பாத்திரக் கடையில் பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கி ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டிக்கொண்டோம். மூடி வேண்டாம், மூடினால் நாற்றம் நமக்குத்தான் தெரியாது, உள்ளே போகும் பூனைக்குத் தெரியும்.

எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதலாகத் தொட்டி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒரே தொட்டிதான். ஒரு பூனை வாசலை மறித்து உட்கார்ந்தால் இன்னொன்றுக்கு வழியே இல்லை.

இடம்தான் நம் வீடுகளில் பெரிய சிக்கல். பெரும்பாலும் குளியலறையில் வைக்கிறோம். காலையில் ஆள் மாற்றி ஆள் குளிப்பார்கள், தரை ஈரமாக இருக்கும், விருந்தாளி வந்தால் கதவைச் சாத்திவிடுவோம். அந்த அரை மணி நேரத்தில் பூனை எங்கே போகும்? வாஷிங் மெஷின் பக்கத்திலும் வேண்டாம், உள்ளே இருக்கும்போது ஒருமுறை அது உதறிச் சுழன்றுவிட்டால் பூனை அந்தப் பக்கமே வராது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் கூடாது. ஆள் நடமாட்டம் குறைந்த, ஆனால் எப்போதும் கதவு திறந்திருக்கும் மூலை நல்லது.

மணல் வாசனை சேர்க்காததாக, பொடியாக, ஐந்து சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். கட்டிட வேலைக்கு வரும் எம்-சாண்ட் கூர்மையாக இருக்கும், தூசும் அதிகம், பாதத்துக்கு ஆகாது. ஆற்று மணல் கிடைத்தால் சலித்து வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அது கட்டியாகச் சேராது, அடிக்கடி மாற்ற வேண்டும். எதுவானாலும் தினம் இருமுறை அள்ளிவிடுங்கள். மணல் வகையை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

சுவரிலும் திரைச்சீலையிலும் நின்றுகொண்டே அடிக்கிறது.

அது வேறு விஷயம். வாலைத் தூக்கி நடுக்கியபடி, செங்குத்தான இடத்தில் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்யாத ஆண் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், பெரும்பாலானவை நிறுத்திவிடும். அதற்குப் பிறகும் ஆண்களில் பத்தில் ஒன்று தொடரலாம். அப்போது வெளிப் பூனை கண்ணில் படும் ஜன்னலை மறைத்துப் பாருங்கள்.

எதைப் போட்டுத் துடைத்தாலும் அதே இடத்தில் போகிறது.

நமக்கு நாற்றம் போயிருக்கும், அதற்குப் போயிருக்காது. மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதாகக் கரையாது. பெட் கடைகளில் கிடைக்கும் என்ஸைம் கிளீனரை நன்றாக ஊறும்படி ஊற்றி, தானே காயவிடுவதுதான் வேலை செய்யும். கள்ள நோட்டு பார்க்கும் நீல டார்ச்சை இருட்டில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத கறைகளும் தெரியும்.

பினாயில் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெள்ளையாகும் அந்தக் கிருமிநாசினிகளில் இருக்கும் பீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைக்க முடியாது. துடைத்த ஈரத்தில் நடந்து, பாதத்தை நக்கினால் விஷம் உள்ளே போகும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தின் அமோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், அது உங்களுக்கும் கெடுதல்.

மூக்கைத் தேய்த்து நாலு தட்டுத் தட்டினால் திருந்தாதா?

திருந்தாது. உங்களைப் பார்த்துப் பயப்படும், நீங்கள் பார்க்காத இடமாகத் தேடிப் போகும், அழுத்தம் கூடி இன்னும் அதிகமாகப் போகும்.

வயதான பூனை தொட்டிக்குப் பக்கத்திலேயே, ஆனால் வெளியே போகிறது.

மூட்டு வலியாக இருக்கலாம். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்த ஓர் ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை நொண்டாது, முனகாது. ஏறுவதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஏற வேண்டியிராத வாசலாக வெட்டிக் கொடுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார். பூனையை விட்டுவிடச் சொல்கிறார்கள்.

விட வேண்டியதில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியேறி, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. அள்ளும் வேலையை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

ஒரு வாரக் குறிப்பு. சாப்பிட்ட கிராம், குடித்த மில்லி, தொட்டியில் அள்ளிய கட்டிகளின் எண்ணிக்கை, எங்கே எத்தனை மணிக்கு வெளியே போனது. முக்குவதையும் கத்துவதையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கே போனால் பூனை அதையெல்லாம் செய்யாது. பக்கத்தில் பூனை பார்த்துப் பழகிய மருத்துவர் இல்லையென்றால் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரி, பிறகு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு.

கூடையைப் போகும் அன்றைக்குப் பரணிலிருந்து இறக்காதீர்கள். மூன்று நாள் முன்பே திறந்து தரையில் வைத்து, அது படுக்கும் பழைய துண்டை உள்ளே விரித்து, அன்றைய டப்பாவிலிருந்து நாலு தீவன மணியை அதற்குள் போட்டுவையுங்கள்.